போஸா நோவா ஆடப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நடன வகுப்பில் போஸா நோவா சொல்லித் தருகிறார்களாமே. அது பிரேசிலில் எந்தக் காலத்து ஆட்டம் என்று கேட்டிருந்தாய். அம்மாடி, அங்கே அது ஆட்டமாகப் பிறக்கவே இல்லை. உட்கார்ந்து கேட்க வந்த இசை. பெயருக்கு அர்த்தம் கேட்டால், ரியோ பேச்சில் போஸா என்பது ஒருவரின் தனி லாகவம். நோவா என்றால் புதிது.

1950களின் கடைசியில் ரியோ டி ஜெனிரோவின் கடலோர அடுக்குமாடிகளில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடிப் பாடியதில் வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார் என்றுதான் மெதுவாகப் பாடினார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த மெல்லிய குரல் ஜோவாவ் ஜில்பெர்டோ என்ற பாடகர் பிடிவாதமாகத் தேடிப் பிடித்தது. பிரேசிலின் பாஹியா மாநிலத்துக்காரர். டயமன்டினா என்ற ஊரில் அக்கா வீட்டுக் குளியலறையில் மாதக்கணக்கில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தவர். சாம்பா என்ற பிரேசில் ஆட்ட இசையின் ஊர்வலத்தில் முழங்கும் பெரிய முரசைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தார். தம்புரிம் என்ற சின்னப் பறையின் எதிர்த்தட்டு மற்ற விரல்களுக்கு. ஒரு கூட்டமே அடிக்கும் தாளம் ஒரே கிட்டாரில்! 1958இல் அவர் பாடிய 'ஷேகா ஜி சவுடாஜி' இரண்டு நிமிடம்தான். ஜோபிம் இசை, வினிசியஸ் டி மோராயிஸ் வரிகள். கேட்டுப் பார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். சாம்பா கறுப்பின மக்களின் சொத்து. ஜானி ஆல்ஃப் என்ற கறுப்பினப் பியானோக்காரர் ரியோவின் கோபகபானா கடற்கரைப் பகுதியில் ஓர் ஓட்டல் பாரில் இந்தப் பாணியை முன்பே தொட்டுவிட்டார். புகழ் என்னவோ கடலோர வீட்டுப் பிள்ளைகளுக்கே அதிகம் போனது.

சரி, ஆட்டம் எப்படி வந்தது? 1962இல் அமெரிக்காவில் ஸ்டான் கெட்ஸ் என்ற ஜாஸ் கலைஞரின் சாக்சபோனால் இந்த இசை பிரபலமானது. நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பிரேசில்காரர்களின் கச்சேரியும் நடந்தது. ட்விஸ்ட் என்ற ஆட்டத்தை விற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இதற்கும் ஒரு ஆட்டம் தயாராகிவிட்டது. ரியோவிலேயே லென்னி டேல் என்ற அமெரிக்க நடனக்காரர் மேடைக்கு அடவுகள் அமைத்தார்.

அதனால் ஆடாதே என்று சொல்லவில்லை, நன்றாக ஆடு. கால் தடுமாறினால் மட்டும் பாடகரின் குரலைப் பின்தொடராதே. ஜில்பெர்டோ தாளத்துக்கு முன்னே ஓடுவார், பின்னே தங்குவார். கிட்டாரின் தடித்த தந்தியைக் கவனி. அந்தக் கட்டைவிரல் தப்பவே தப்பாது.

அன்புடன்,
அப்பா