ஷெல் சூட்டையும் எழுதிக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி சிறுதொழில்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், நல்ல அலாய் வாங்கிவிட்டால் வார்ப்பு உறுதியாக வந்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. சேதராப்பட்டில் மெழுகு வார்ப்புப் பட்டறையில் 18 வருடமாக வேலை பார்க்கும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

நாங்கள் அதிகம் ஊற்றுவது ஏ356 என்ற அலுமினிய அலாய். 100 கிலோவில் 7 கிலோ சிலிக்கான், 300 கிராம் அளவுக்கு மக்னீசியம், மீதி பெரும்பாலும் அலுமினியம். அதே உருகிய உலோகத்தை 300 டிகிரி சூட்டிலுள்ள ஒரு ஷெல்லிலும் (மெழுகு மாதிரியின் மேல் பூசிச் சுட்ட செராமிக் அச்சு) 600 டிகிரி சூட்டிலுள்ள இன்னொன்றிலும் ஊற்றினால் இரண்டும் ஒரே வலுவோடு வராது. ஷெல் சூடாக இருந்தால் மெல்லிய ஓரம்வரை உலோகம் ஓடி நிறையும்தான். ஆனால் ஆற நேரமாகும், உறையும்போது உள்ளே வளரும் படிகக் கிளைகள் தடித்துவிடும், இழுத்தால் சீக்கிரம் முறியும்.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஊற்றிய தாங்கிகள் சில முறிந்து திரும்பி வந்தன. கெமிக்கல் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஒன்றை நானே அறுத்து எமரி தாளில் தேய்த்துப் பார்த்தேன். தடித்த இடம் முழுக்க ஊசி முனை அளவில் துளைகள். முறிந்த முகம் கற்கண்டை உடைத்தது போல மின்னியது. ஓரம் நிறையவில்லை என்று ஷெல் சூட்டையும் ஏற்றி, உருகிய உலோகத்தையும் 780 டிகிரி வரை காய விட்டிருந்தோம். ஈரக்காற்றிலுள்ள நீராவியிலிருந்து அலுமினியம் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இன்னும் அதிகமாக. உருகிய அலுமினியம் தாங்கும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் உறைந்தது தாங்கும். மீதி குமிழாக உள்ளேயே நின்றுவிடுகிறது. அப்புறம் வலு ஏற்றுவதற்காக 540 டிகிரியில் வைத்து, தண்ணீரில் முக்கி, 160-இல் முதிர வைத்தாலும் அந்தத் துளைகள் மூடிக்கொள்ளாது.

இப்போது ஆர்கான் வாயு விட்டு டீகேஸ் செய்கிறோம், அதாவது உருகிய உலோகத்திலுள்ள ஹைட்ரஜனை வெளியேற்றுகிறோம்; லேடிலை (உலோகம் ஊற்றும் கரண்டி) காய வைத்தே எடுக்கிறோம். மெல்லிய பகுதிக்கு மட்டும் ஷெல்லின் மேல் செராமிக் கம்பளி சுற்றி, தடித்த இடத்தைத் திறந்தே விடுகிறோம். ஷெல் சூடு, ஊற்றிய சூடு, உலையிலிருந்து தண்ணீருக்குப் போக ஆன விநாடிகள், மூன்றும் ஒரு பதிவு அட்டையில் ஏறுகின்றன.

வார்ப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலுவைச் சோதிக்கத் தனியாக ஊற்றிய டெஸ்ட் பார் மெல்லியது, சீக்கிரம் ஆறிவிடும், நல்ல எண்ணையே காட்டும். பாகத்தின் தடித்த இடத்தில் அறுத்து எடுத்த துண்டைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அந்த அட்டையையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வார்ப்புத் தொழிலாளி,
சேதராப்பட்டு, புதுச்சேரி.