சேர்க்கை சரியில்லை என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேராகப் பறப்பதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கடைசியில் "சேர்க்கை சரியில்லை" என்று பழியைக் கூட்டாளிகள் மேல் போட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி விடவில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கோ 25 வயது வரை லைசென்ஸே கிடையாது.

சரி, சாவியை ஒளித்து வைக்கிறோம், அடுத்தவன் வண்டியில் பின்னால் ஏறிப் போகிறானே, அதற்கு என்ன செய்வது? 2005-இல் அமெரிக்காவில் கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிடக் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு துணிந்து ஆடியிருக்கிறார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. ஆக, பையனுக்குப் புத்தி தெரியாமல் இல்லை, நாலு பேர் முன்னால் "நான் வரலடா" என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை. அந்த நேரத்தில் அவன் போன் போடுகிற ஆளாக நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. எங்கே இருந்தாலும் கூப்பிடு கண்ணு, வந்து கூட்டிப் போகிறேன், திட்டுவதெல்லாம் நாளைக்கு என்று எத்தனை பேர் சொல்லி வைத்திருக்கிறோம்?

எங்கள் திருப்பூரில் அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு சேர ராத்திரி ஆகிவிடும். "சாப்பிட்டியா, எத்தனை மார்க்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அதற்குள் அவன் அன்றைய கதையை எல்லாம் தெருமுனையில் பேசி முடித்திருப்பான். எனக்குத் தெரிந்தவர்களில் பலருக்கு மகனுடைய கூட்டாளிகள் பெயரே தெரியாது, ஆனால் அவர்கள் கெட்டவர்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்! ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற அன்றைக்கு அவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? யார் எப்படி என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், அவர்களும் அப்புறம் நம் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு கோரிக்கை. பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் மதியத்தில் வைத்தால் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஞாயிறு காலையில் வையுங்கள், ஆசிரியர்களுக்கு மாற்று விடுப்பு கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு டெய்லர், திருப்பூர்