பெண் பிள்ளைகள் பொட்டுதான் சேர்த்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளின் விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பம்பரம், கோலி, தீப்பெட்டிப் படம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி: 'பையன்கள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு சேர்த்தார்கள், பெண் பிள்ளைகள் ஸ்டிக்கர் பொட்டு சேர்த்தார்கள்.' அப்படியா? எங்களில் ஒருத்தியைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே.

நான் அந்த மல்யுத்தக் கார்டுகளில் அண்டர்டேக்கர் மட்டும் சேர்த்தவள்; சவ அடக்கம் செய்பவர் வேடத்தில் வரும் வீரர் அவர். இன்றும் சேர்க்கிறேன். எங்கள் தெருவில் ட்ரம்ப் கார்டு (கார்டில் போட்ட எண் பெரிதாக இருந்தால் ஜெயிப்பு) ஆடியவர்களுக்கு உயரமும் எடையும்தான் கண்ணில் படும். உயரம் என்றால் எட்டடி என்று சொல்லப்பட்ட ஜெயன்ட் கொன்சாலஸ், எடை என்றால் யோகோசூனா. அப்படி ஜெயித்து வைத்த நல்ல கார்டுகளை எல்லாம் கொடுத்துவிட்டு, முனை மடங்கிய ஒரு அண்டர்டேக்கரை வாங்கி வருவேன். 'இவளுக்கு ஆடவே தெரியாது' என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொன்னான். உங்கள் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'பாத்தியா' என்று கேட்டதும் அவன்தான்.

ஒரே ஆளின் படத்தை எத்தனைதான் சேர்ப்பது என்று கேட்பவர்கள் முதலில் கையுறையைப் பார்க்கட்டும். சாம்பல் நிறம் என்றால் 1990 நவம்பரில் வந்த பழைய ஆள். 1994 ஆகஸ்டில் போலி அண்டர்டேக்கரைச் சாத்துவதற்குத் திரும்பி வந்தபோது ஊதா. 1995 கடைசியில் முகத்தில் அடிபட்டு முகமூடி. 2000-இல் கோட்டும் தொப்பியும் போய் மோட்டார் பைக் வந்தது. (அந்தக் காலத்து ஸ்டிக்கர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, இருந்தாலும் வைத்திருக்கிறேன்.) 2004-இல் பழையபடி கறுப்புத் தொப்பி. தபால்தலையைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் 'அரிய பொழுதுபோக்கு' என்று அரைப் பக்கம் ஒதுக்குவீர்கள். உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

பள்ளியில் என் நோட்டு அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை டீச்சர் நகத்தால் சுரண்டினார். 'பொம்பளப் புள்ளைக்கு சவப்பெட்டிக்காரன் கேக்குதா?' பின் பெஞ்சுப் பையனின் நோட்டிலும் அதே ஸ்டிக்கர்தான். அது அவர் கண்ணில் படவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பீரோ கதவின் உள்பக்கம் ஒன்று ஒட்டினேன். அபசகுனம் என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். பிசின் போகவில்லை. அழுக்கு ஏறிக் கறுப்பாக ஒரு கட்டம் நிற்கிறது, முன்பைவிட அபசகுனமாக.

இப்போது மட்டும் என்ன? பழைய கார்டு விற்பவர்களை விசாரித்தால் 'பையனுக்கா மேடம்?' என்கிறார்கள். ஒருவர் அசல் என்று சொல்லிப் புதுப் பிரிண்டை லேமினேட் செய்து அனுப்பினார். பின்பக்கம் 1991 என்று போட்டிருந்தது, முன்பக்கம் ஊதாக் கையுறை. மேடத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்தான்.

அப்புறம் கட்டுரையோடு போட்ட அந்தப் படம். கீழே 'அண்டர்டேக்கர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சிவப்பு உடுப்பு, முகத்தில் முகமூடி. அது கேன், ஐயா! 1997 அக்டோபரில் அண்டர்டேக்கரின் தம்பி என்று சொல்லிக்கொண்டு, சண்டை மேடையைச் சுற்றியிருந்த கூண்டின் கதவைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர். ரஜினி படத்தைப் போட்டுக் கீழே கமல் என்று எழுதியிருந்தால் உங்கள் அலுவலகத்தில் போன் ஓய்ந்திருக்குமா?

2020 நவம்பரில் அண்டர்டேக்கர் விடைபெற்றபோதும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். வரவில்லை. அந்த மாதம் வாசகியர் பகுதியில் குக்கர் விசில் பற்றி நீளமாக ஒரு கடிதம் வந்திருந்தது. பயனுள்ள கடிதம்தான், மறுக்கவில்லை.

கட்டுரை எழுதியவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் 'படத்தில் இருப்பவர் கேன்' என்று ஒரு வரி போட்டால் போதும். சரியான படம் தேவைப்பட்டால் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். எந்த நிறக் கையுறை வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

– ஒரு வாசகி,
திண்டுக்கல்