நிழலுக்குச் செய்த போன்

பாலக்கோடு

கண்ணுவுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய போன் நல்ல போன்தான். விடியற்காலை எடுத்தால் ராத்திரி வரை சார்ஜ் நிற்கிறது, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. அடுத்த மாடலில் என்ன மாற்றலாம் என்று உங்கள் டெஸ்டிங் ஆட்களுக்காகக் கேட்டிருந்தாய். ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்ப்பவர்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள். தக்காளித் தோட்டத்துக்கு இது பத்தாது.

பெரிய தொல்லை சூடு. 35 டிகிரி வரைக்கும் பயன்படுத்தலாம் என்பது கம்பெனிக் கணக்கு. நம்ம பக்கம் சித்திரையில் நிழலிலேயே அதைத் தாண்டும். வெயிலில் எழுத்து தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் போன் சுடுகிறது. சுட்டதும் வெளிச்சத்தை அதுவே குறைத்துக்கொள்கிறது. மண்டியில் பணம் ஏறியதா என்று பார்க்கிற உச்சி வேளையில்தான் திரை இருண்டு கிடக்கும். உள்ளே சூட்டைப் பரப்பும் தகட்டைப் பெரிதாக்கச் சொல். வெயில் பட்டால் பின்னணி தானாக வெள்ளைக்கு மாறி, எழுத்து தடிக்க வேண்டும். வெளிச்சம் அளக்கும் சென்சார்தான் ஏற்கெனவே இருக்கிறதே.

சூட்டோடு சூடாக 100 வரை சார்ஜ் ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் தளரும், உப்பவும் செய்யும். 80-ல் நிறுத்தும் வசதி இந்தப் போனில் உண்டு, ஆனால் செட்டிங்ஸில் நாலு கதவு தாண்டி ஒளிந்திருக்கிறது. போனை முதலில் ஆன் செய்யும்போதே அதைக் கேட்டுவிடலாம். 33 வாட் வேகமும் அதன் சொந்த சார்ஜரில்தான் வருகிறது. வேறு சார்ஜர் போட்டால் 10 வாட்டுக்கு இறங்கி, 5000 எம்ஏஎச் பேட்டரி நிறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான யூஎஸ்பி பிடி சார்ஜிங் முறையில் கொடுத்தால் எந்த நல்ல சார்ஜரும் ஒத்துப்போகும்.

அடுத்து விரல். தக்காளிச் செடியைத் தொட்ட கையில் பச்சையும் கறுப்புமாகக் கறை ஏறும், ரேகையும் தேய்ந்திருக்கும். திரைக்கு அடியில் இருக்கும் ரேகை சென்சார் அதைப் படிக்கத் திணறுகிறது. பவர் பட்டனிலேயே சென்சார் வைத்தால் தேவலை. அதுவரைக்கும் ஒரே கட்டைவிரலை இரண்டு முறை பதிவு செய்வதுதான் வழி: கழுவிய கையில் ஒன்று, வேலை முடிந்து காய்ந்த கையில் ஒன்று. மருந்து அடிக்கும்போது திரையில் தெறிக்கும் சொட்டையும் விரல் என்றே நினைத்துக்கொள்கிறது. தண்ணீரிலும் மின்சாரம் ஓடும் இல்லையா, அதனால் வரும் குழப்பம். போன் வந்தால் எடுக்கவாவது ஒரு நிஜ பட்டன் வேண்டும்.

டைப்-சி ஓட்டையில் செம்மண் புகுந்து அடியில் இறுகிவிடுகிறது. கேபிள் முழுசாக இறங்காமல் ஆடும், சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். போனை அணைத்துவிட்டுத் தென்னை ஈர்க்கால் மெதுவாகக் கிளறினால் சரியாகிவிடும். ஊக்கு மட்டும் கூடாது, நடு நாக்கில் இருக்கும் தொடுமுனைகள் போய்விடும். ஒரு ரப்பர் மூடி போதும், பெரிய செலவில்லை. அந்த ஓட்டையை மெயின் போர்டில் பற்றவைக்காமல் தனிச் சின்ன போர்டில் வைத்தால் மாற்றுவதும் சுலபம்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டுக்குள் போனால் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி கரைகிறது. 5ஜி, 4ஜி என்று மாறி மாறி அலைகிறது. 4ஜியில் மட்டும் நிறுத்த, மேலிருந்து இழுக்கும் பட்டன்களில் ஒன்று இருக்கட்டும்.

கேமராவில், கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்க என்று 2 மெகாபிக்சல் மேக்ரோ எதற்கு? இலைப்புள்ளியைப் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பினால் மங்கலாகத்தான் போகிறது. அந்தக் காசை மெயின் கேமராவில் போடலாம்.

கடைசியாக, தமிழ். எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டனில் சொல் பாதியில் அறுந்து நிற்கிறது. 'அழி' என்பது முழுசாகத் தெரிகிறது, பக்கத்தில் 'ரத்துசெய்' என்பது 'ரத்து...' என்று நிற்கிறது. உங்கம்மா எதை அமுக்குவாள் என்று நீயே யோசி. இதை மட்டுமாவது அடுத்த அப்டேட்டிலேயே திருத்தச் சொல், புது மாடல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அப்பா