கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிட்டால் "வேலையா இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். இதையும் நீ பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் வைத்தது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எந்தக் காகிதமாக இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்திரு. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் போவதைப் பற்றி 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐநா நிறைவேற்றிய அந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். அதற்காக நீ மூன்று மாதம் தூங்காமல் குறிப்பு எழுதினாயே, அதனால்தான் படித்தேன். 2022இல் மஸ்கட்டில் கூடிய பல நாடுகள், விவசாயத்திலும் கால்நடையிலும் போகிற ஆன்டிபயாடிக்கை 2030க்குள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைப்போம் என்று எழுதிவைத்தன. நியூயார்க்கின் ஆரம்ப வரைவில் 30 சதவீதம் இருந்தது. கடைசியில் மிஞ்சியது "அர்த்தமுள்ள அளவில் குறைக்க முயல்வோம்" என்கிற மாதிரி ஒரு வரி. மனிதர்கள் பக்கத்துக்கு மட்டும் எண் தங்கியது. 2019இல் இப்படி மருந்துக்கு அடங்காமல் போவதோடு தொடர்புடைய சாவுகள் 49.5 லட்சம், அதில் 10 சதவீதத்தை 2030க்குள் குறைக்க வேண்டும் என்று. அன்றைக்கு ராத்திரி நீ போனில் ஒரு வாக்கியம்தான் பேசினாய். "எண் போச்சுப்பா." அப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது சொல்கிறேன். நீ கணக்கு அனுப்புகிற, பாரிசில் இருக்கும் உலக விலங்கு நல அமைப்பு (ஓஐஇ என்றுதான் இன்னும் என் வாயில் வருகிறது, 2022இல் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று நீ எத்தனை தடவை திருத்தியும்) எப்படித் தொடங்கியது? 1920இல் பெல்ஜியத்துக்குள் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் புகுந்தது, எங்கேயோ போக வேண்டிய மாடுகள் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியதால். 1924இல் 28 நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டன. அந்த நோய் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அறிவித்தது 2011இல். கணக்குப் போட்டுப் பார். 87 வருஷம். நடுவில் எத்தனை பேர் "இது ஆகாது" என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். போனவர்கள் தப்பு என்று சொல்லவில்லை. நீ போகாதே என்றும் சொல்லவில்லை.

சரி, வெக்கை நோய்க்குத் தடுப்பூசி இருந்தது, இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பாய். இதற்கும் தடுப்பூசிதான், பாதிக்கு. நார்வேக்காரர்களைப் பார். 1987இல் சால்மன் பண்ணைகளில் மட்டும் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள். மீனுக்குத் தடுப்பூசி வந்த பிறகு அது ஒரு டன்னுக்கும் கீழே போனது, மீன் உற்பத்தி பல மடங்கு கூடியும். மீதிப் பாதி கொட்டகை. ஸ்வீடனில் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 1986இல் நிறுத்தினார்கள். கேட்டதே விவசாயிகள் சங்கம்தான். நிறுத்தியதும் பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் பிடித்துக்கொண்டது. மருந்து இத்தனை நாளாக மறைத்துக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. காற்று வராத கொட்டகை, நெரிசல், தாயிடமிருந்து சீக்கிரம் பிரிப்பது. அதையெல்லாம் சரி பண்ண வருஷக்கணக்காயிற்று. கூட்டத்தில் கைதூக்குகிறவர்களுக்கு இந்த வருஷக்கணக்கு தெரிவதில்லை.

உன் வேலையைப் பற்றி நான் வெளியில் பேசுகிறவிதம் உனக்குத் தெரியாது. அம்மாவைக் கேள். முன்பெல்லாம் ஒரு நாட்டில் எத்தனை கிலோ ஆன்டிபயாடிக் கால்நடைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த அமைப்பு 2015இல்தான் நாடு நாடாகக் கணக்குக் கேட்க ஆரம்பித்தது. எங்கள் நாட்டுக் கணக்கை என் பெண்தான் கூட்டுகிறாள் என்று சொல்வேன். இறக்குமதியில் எண்ணிய அதே டிரம்மைப் பொட்டலம் போடும் இடத்தில் இன்னொரு தடவை எண்ணிவிடாமல் பார்ப்பது, அதைக் கோழி, மாடு, மீன் எல்லாவற்றின் மொத்த எடையால் வகுத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொண்டுவருவது. கேட்பவர்களுக்குப் பாதி புரியாது. நான் நிறுத்த மாட்டேன். 2017க்கும் 2019க்கும் நடுவில் உலகக் கணக்கு 13 சதவீதம் இறங்கியதும், 2020இலிருந்து 2022க்குள் இன்னொரு 5 சதவீதம் இறங்கியதும் உன்னால்தான் என்கிற மாதிரியே பேசுவேன்.

இவ்வளவு பெருமைப்படுகிற மனுஷனுக்கு வாரம் ஒரு போன் பண்ண முடியவில்லை உன்னால். போகட்டும்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்தேன்.

அந்தப் பாரிஸ் அமைப்பு அனுப்புகிற கேள்வித்தாளில், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கப்படுகிறதா என்ற கட்டத்தில் "இல்லை" என்று போடச் சொல்கிறார்களாமே. கலப்பதைக் காட்டுகிற தாள்கள் உன் கையிலேயே இருக்கிறதாமே. நீ மாட்டேன் என்றுவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசையில் வைத்திருக்கிறாயாமே. ஐந்தில் ஒரு நாடு "ஆமாம், இன்னும் கலக்கிறோம்" என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறது. அப்படி எழுதுவதில் இவர்களுக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?

ஒரு ராத்திரி தூங்கி எழுந்திரு என்று சொன்னது இதற்குத்தான். இரண்டு காகிதத்துக்கும் சேர்த்து.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்க மாட்டாய். கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். அதுவும் பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய கோழிப் பண்ணை. மருந்து கலந்த தீவனம் அரைக்க ஒவ்வொரு தடவையும் என்னை மாதிரி மாட்டு டாக்டர் சீட்டு வேண்டும். வாரா வாரம் அவ்வளவு தூரம் போய்வர முடியவில்லை என்று சீட்டுப் புத்தகம் முழுவதிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு, வெறும் தாளாகக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் தடவை என் வசதிக்கு. அப்புறம் புத்தகம் தீரத் தீர அவர்களே அனுப்பிவிடுவார்கள், நானும் வீட்டில் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பேன். நீ கூட ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து தாள் புரட்டிக் கொடுத்தாய்.

அதில் என்ன நிரப்பினார்கள் என்று தெரியாது என்று சொல்ல முடியாது. கார்பன் நகல் எனக்கு வரும். கோலிஸ்டின் என்கிற ஆன்டிபயாடிக். நோயே இல்லாத குஞ்சுகளுக்கு, வந்த நாளிலிருந்து விற்கிற நாள்வரை, ஒவ்வொரு கொட்டகைக்கும். நோயைக் குணப்படுத்துகிற அளவுகூட இல்லை, பாக்டீரியாவுக்குப் பாடம் நடத்துகிற அளவு. ஆறு வருஷம் அப்படி ஓடியது. பணம் வாங்கவில்லை. அதை வைத்து என்னை நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015 நவம்பரில் நீ மூச்சு வாங்கக் கூப்பிட்டாய். சீனாவில் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கோலிஸ்டினுக்கு அடங்காத மரபணு கிடைத்திருக்கிறது, எம்சிஆர்-1 என்று பெயர், பரம்பரையாக வருவதோடு நிற்காமல் ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்கே கைமாற்றிக் கொடுத்துவிடுகிறது, மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாக எடுக்கிற மருந்துப்பா இது என்றாய். நான் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு எந்த மாடும் கன்று போடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மடியில் சீட்டுப் புத்தகம்.

பண்ணைக்குப் போய் "இனிமேல் முடியாது" என்று சொன்னேனா? இல்லை. புத்தகம் தீர்ந்துவிட்டது, அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். இரண்டு மாதம் அதையே சொன்னேன். அவர்கள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொண்டார்கள். சீனா 2017இல் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கொடுப்பதை நிறுத்தியபோது நீ சந்தோஷமாகக் கூப்பிட்டாய், நானும் சந்தோஷப்பட்ட மாதிரிதான் பேசினேன்.

அந்த வருஷங்களில் உன்னை மாதிரி யாராவது வந்து என்னிடம் கணக்குக் கேட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் நானும் "இல்லை" என்றுதான் போட்டிருப்பேன் பாப்பா.

ராஜினாமாவைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று செய். "இல்லை" போடச் சொல்கிறவரிடம் அதை எழுத்தில் தரச் சொல். வாயால் சொல்கிறவர்கள் எழுதத் தயங்குவார்கள். நான் தினமும் பார்த்த விஷயம் இது, மறுபக்கத்திலிருந்து.

நகல்கள் எல்லாம் இரும்புப் பெட்டியில், உன் கல்லூரிப் புத்தகங்களுக்கு அடியில் இருக்கின்றன. எரிக்க நினைத்து இரண்டு தடவை எடுத்தேன். உனக்குப் பயன்படும் என்றால் அனுப்புகிறேன், என் பெயரை மறைக்க வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லாதே, இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து நானே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு சும்மா இரு. அன்றைக்கு மாதிரி.

அப்பா