அந்த வெள்ளைத் தாளை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மேடையில் நகைச்சுவை பேசும் என் மகனை, அவன் ஓர் ஆணை விரும்பும் ஆண் என்பதற்காகத்தான் தீபாவளிக் கலைவிழாவிலிருந்து நீக்கினீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேருக்கும் தெரியும். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

காலை எட்டரைக்குத் தமிழ் வகுப்புக்காகக் கூடத்தைத் திறக்க வந்தேன். வாசல் கதவில் விழாச் சுவரொட்டி இருந்தது. அதில் என் மகனின் முகத்தின் மேலும் பெயரின் மேலும் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியிருந்தீர்கள். தாள் அளவு பற்றவில்லை. பெயரின் கடைசி எழுத்து மட்டும் வெளியே நின்றது. என் வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி இப்போதுதான் மெய்யெழுத்துப் படிக்கிறாள். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் விரல் வைத்துப் படிப்பாள். அங்கேயும் விரலை வைத்து "ன்" என்றாள். அப்புறம் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "ஆன்ட்டி, மீதி எழுத்து எங்கே?" என்று கேட்டாள்.

அந்தச் சுவரொட்டியின் தமிழைச் சரிபார்த்துக் கொடுத்தவளே நான்தான். "தம்பி பெயரைப் பெரிதாகப் போடுவோம் அக்கா, அவன் வந்தால்தான் இளசுகள் வருவார்கள்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பலகையில் வேறு சொற்களை எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளையின் கேள்விக்கு வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நான் கேட்பது இதுதான்: அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். அவனைப் பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள்.

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், வரிசையில் நிற்கும் பெரியம்மாக்களைப் போலப் பேசிக் காட்டித்தான் அவன் தொடங்கினான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. உங்களில் பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இருபத்தொரு வயதில் ராத்திரி பஸ் பிடித்து ஜோகன்னஸ்பர்க் போனான். பகலில் கால் சென்டர் வேலை. ராத்திரியில் ஏதாவது ஒரு பாரில் ஐந்து நிமிஷம் மேடை கொடுப்பார்கள், காசு கொடுக்க மாட்டார்கள். ஆறு வருஷம் அப்படி ஓடியது. முதன்முதலாகக் கை நிறையக் காசு பார்த்த மாதம் இந்தக் கூடத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தான். இன்றைக்கும் விழாவுக்கு விழா அதில்தான் தேவாரம் கேட்கிறது.

தான் ஆணை விரும்பும் ஆண் என்று என்னிடம் சமையல்கட்டில் வைத்துச் சொன்னான். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று வாரம் அவனோடு பேசாமல் இருந்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. ஆகவே உடனே ஏற்றுக்கொள்ள முடியாதவர்களின் தவிப்பு எனக்குத் தெரியாதது இல்லை.

அதுவரை மேடையில் இல்லாத ஒரு காதலியைப் பற்றியே அவன் பேசிவந்தான். பெண் பார்க்கப் போன கதை, மாமனார் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட கதை என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிச் சிரித்ததெல்லாம் அப்போது சொன்னவைதான். "அம்மா, ஜனங்கள் சிரிக்கும்போது எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது" என்றான். போன வருஷம் மேடையிலேயே உண்மையைச் சொன்னான். தன் துணைவனைப் பற்றி, எங்கள் வீட்டைப் பற்றி, நான் பேசாமல் இருந்த மூன்று வாரத்தைப் பற்றியும் பேசினான். அதற்குப் பிறகுதான் பெரிய அரங்குகள் அவனைக் கூப்பிட்டன.

"குடும்பங்கள் வருகிற இடம், நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறது" என்று போனில் சொன்னீர்கள். நாங்களும் குடும்பம்தான் ஐயா. பண்பாட்டைச் சொல்கிறீர்களே, என் தாத்தா டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் இருந்த நகராட்சித் தொழிலாளி. இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிறார்களே, அந்தத் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவர். சேலை உடுத்தி, சவுரி முடித்து, விடிய விடிய ஆடுவார். சபதம் செய்யும் இடத்தில் பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்களாம். கட்டியங்காரன் துரியோதன மகாராஜாவையே நக்கல் பண்ணுவான். அவனை யாரும் கூத்தைவிட்டு இறக்கவில்லை. ஆண் சேலை கட்டி ஆடியதும், கோமாளி ராஜாவைக் கேள்வி கேட்டதும் நம் கோயில் வாசலில்தான் நடந்தன.

இந்த நாட்டு மேடையையும் பாருங்கள். நகைச்சுவை நாடகக் கலைஞர் பீட்டர்-டிர்க் எய்ஸ், வெள்ளையரின் இனஒதுக்கல் ஆட்சி நடந்த 1980களிலேயே எவிட்டா என்ற பெண் வேஷத்தில் அந்த ஆட்சியாளர்களைக் கிண்டல் செய்தவர். தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் எய்ட்ஸ் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினார். மண்டேலாவே எவிட்டாவோடு உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். அவரால் எந்தக் குடும்பமும் கெட்டுப்போகவில்லை.

1996-இல் எழுதிய நம் அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒரு முறை படியுங்கள். பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று உலகத்திலேயே முதலில் அரசியல் சட்டத்தில் எழுதிய நாடு இது. நம் இனத்தையும் மதத்தையும் மொழியையும் காப்பாற்றுகிற அதே வாக்கியத்தில்தான் அந்தச் சொல்லும் இருக்கிறது. 2006-லிருந்து ஆணும் ஆணும் இங்கே சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். நாம் முன்பு குடியிருந்த கேட்டோ மேனரிலிருந்தும் பேரக்ஸிலிருந்தும் நம்மைப் பிடுங்கி இந்தச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம். யார் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்தால் எப்படி வலிக்கும் என்பதை உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்?

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. பெண்டாட்டியை அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவருக்குப் போன பொங்கலுக்கு இதே மேடையில் பொன்னாடை போர்த்தினீர்கள். அன்றைக்கு யாருக்கும் பண்பாடு ஞாபகத்துக்கு வரவில்லை. இளையவர்கள் கோயில் பக்கம் வருவதில்லை, தமிழ் படிப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறீர்கள். நான் தொடங்கியபோது வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஒன்பது பேர். அந்த ஒன்பதில் யாராவது நாளைக்கு என் மகனைப் போல வளர்ந்தால், அந்தக் கதவைப் பார்த்துவிட்டு எப்படி உள்ளே வரும்?

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். உங்களை அவமானப்படுத்த இதை எழுதவில்லை. உங்களோடு சேர்ந்து இந்தக் கூடத்துக்குச் செங்கல் சுமந்தவள் நான்.

விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் அவன் இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவனிடமும் பேசிவிட்டேன். நீங்கள் கூப்பிட்டால் வருவான், துணைவனையும் கூட்டி வருவான். முன்வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போடுங்கள். வடையை வழக்கம்போல அனுப்பச் சொன்னீர்கள். உளுந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமையும் எட்டரைக்குக் கூடத்தைத் திறக்க வருவேன். அந்தப் பிள்ளையும் வருவாள். அதற்கு முன்னால் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். சுவரொட்டி கிழியாமல் எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் வெந்நீர் தொட்டு ஊறவிட்டு எடுங்கள். உங்களுக்குச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுக்கிறேன். அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த்