குளிர் மெஷின் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கம் ரப்பர், பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களைப் போன்ற ஒருவரிடம் பிசிறு எடுக்கும் வேலை பார்ப்பவன் நான்.

முதலில், பிசிறை உறையவைத்து உடைக்கும் அந்தக் குளிர் மெஷினை வாங்கியதற்கு நன்றி. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய தோலை, அதாவது பிசிறை, நாள் முழுக்க பிளேடால் நறுக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இப்போது டிரம்மைச் சுழற்றி, திரவ நைட்ரஜனைப் பாய்ச்சி, பாலிகார்பனேட் மணிகளை வேகமாக அடித்தால், மெல்லிய பிசிறு முதலில் விறைத்துக் கண்ணாடி மாதிரி உடைந்து விழுகிறது, தடிமனான சாமான் தாங்கிக்கொள்கிறது. சிலிக்கோன் ரப்பருக்கு நைட்ரைல் ரப்பரை விட ரொம்பக் கூடுதல் குளிர் வேண்டும், அதனால் நைட்ரஜனும் அதிகம் செலவாகும்.

சரி, அந்த நைட்ரஜன் அப்புறம் எங்கே போகிறது? 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடியைத் திறந்தாலே சாமான்மேல் தண்ணீர் கோத்து மணிகள் ஒட்டிக்கொள்ளும் என்று கதவைச் சாத்தி ஏர்கான் போடுகிறோம். காரணம் நியாயமானதுதான், ஆனால் வெளியேற்றும் குழாய் எங்காவது கசிந்தால் அந்தச் சாத்திய அறைதான் ஆளைக் கொல்லும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. நமக்கு மூச்சு முட்டுவது கரியமிலவாயு சேர்வதால்தான். அறையில் நைட்ரஜன் நிறைந்து ஆக்ஸிஜன் குறைவது உடம்புக்குத் தெரியாது, திணறல்கூட இல்லாமல் ஆள் விழுந்துவிடுவார், தூக்க ஓடியவரும் பக்கத்திலேயே விழுவார். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ன்ஸ்வில் என்ற ஊரின் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் திரவ நைட்ரஜன் வழிந்து 6 பேர் இறந்தார்கள்.

அதனால் மெஷின் பக்கத்தில் ஆக்ஸிஜன் மீட்டர் வையுங்கள், உள்ளே நுழையும் முன்பே பார்க்கும்படி கதவுக்கு வெளியேயும் ஒரு திரை இருக்கட்டும். சிங்கப்பூரில் அடைபட்ட இடங்களுக்கான விதிமுறை 19.5 விழுக்காட்டுக்குக் கீழே ஆக்ஸிஜன் இருக்கக்கூடாது என்கிறது, அந்த அளவிலேயே அலாரம் அடிக்கட்டும். ஒரு மோல்டு செய்யும் செலவுக்கு முன்னால் இது சின்னக் காசு.

என்னை அதிகம் பயமுறுத்துவது லிஃப்ட். மாடித் தொழிற்சாலைகளில் நைட்ரஜன் டேங்கையும் அதைத் தள்ளும் தம்பியையும் ஒரே சரக்கு லிஃப்ட்டில் அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். சும்மா நிற்கும்போதே அழுத்தம் கூடினால் வால்வு வழியாக வாயுவை விடும் டேங்க் அது. நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால்? டேங்க் தனியாகப் போகட்டும், கீழே ஒருவர் ஏற்றிவிட்டு, மேலே இன்னொருவர் இறக்கட்டும், இடையில் யாரும் ஏறாதபடி டேங்கின் முன்னால் சங்கிலியும் அறிவிப்பும் மாட்டுங்கள்.

அந்த அறிவிப்பு தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் இருக்கட்டும். வேலை செய்பவர்கள் படிக்க முடியாத எச்சரிக்கையால் யாருக்குப் பயன்? தமிழ் வாசகத்தை எழுதித் தர நான் தயார், இந்த வாரமே ஒட்டிவிடுங்கள்.